புதுக் கட்டடத்தில் விட்டுப்போன பெயர்

கார்த்திகை தீபம் வந்தால் ஊருக்கெல்லாம் திருவிழா. எங்கள் சுமை தூக்குவோர் சங்கத்துக்கு மட்டும் இடம் காலி செய்கிற நேரம். மண்டிகள் இருந்த தெருவுக்குப் பின்னால், ஒரு விறகுக் கடைக்காரருடைய தகரக் கொட்டகையில்தான் சங்கம் வாடகைக்கு இருந்தது. தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே அவர் வந்து வாசலில் நிற்பார். "பாத்திரக் கடைக்காரங்க கேக்கறாங்கப்பா. தீபம் முடியட்டும், நீங்க மறுபடி வந்துக்குங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பத்து நாளில் ஊரில் ஒரு முழம் இடத்துக்கும் மதிப்பு ஏறிவிடும். நாங்கள் கொடியையும் தண்ணீர்ப் பானையையும் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு மண்டியின் சுவர் ஓரமாகப் போய் உட்காருவோம்.

இது எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது. உங்களில் மூத்தவள் மட்டும் கைக்குழந்தை, மற்ற இருவரும் பிறக்கவில்லை. அப்பா மூட்டை தூக்கினார் என்று உங்களுக்குத் தெரியும். சங்கம் என்று ஒன்று இருந்ததும் தெரியும். ஆனால் அந்தக் கட்டடம் வந்தபோது நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும்.

முதலில் எங்கள் முறை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சுமை தூக்குகிறவன் ஒவ்வொருவனிடமும் ஒரு கோணிப்பை உண்டு. அதை ஒரு மூலைக்குள் இன்னொரு மூலையைச் செருகி, தலையிலும் முதுகிலும் போட்டுக்கொண்டால் மூட்டை உறுத்தாது. காலையில் கொட்டகைக்கு வந்ததும் அந்தக் கோணியை மடித்துத் தரையில் வரிசையாகப் போடுவோம். அதுதான் முறை. லாரி வந்து ஆறு பேர் வேண்டும் என்றால் முதல் ஆறு கோணிக்காரர்கள் போவார்கள். வேலை முடிந்து வந்து வரிசையின் கடைசியில் போடுவார்கள். கோணியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம், தூங்கலாம், யாரும் அதைத் தள்ளி வைக்க மாட்டார்கள். ஒருவன் கோணியை இன்னொருவன் கை வைத்து எடுத்ததாக நான் பார்த்ததே இல்லை.

யாராவது வேலையில் அடிபட்டுப் படுத்துவிட்டால் அவன் கோணியைக் குறுக்காக மடித்து வரிசையிலேயே வைத்துவிடுவோம். அதற்குப் படுத்த கோணி என்று பேர். அதன் முறை வரும்போது பக்கத்துக் கோணிக்காரன் அவனுக்காகவும் போய்த் தூக்குவான். அந்த முறைக்கு வருகிற கூலி படுத்தவன் வீட்டுக்குப் போகும். இதற்கு யாரும் தீர்மானம் போட்டதில்லை, கை தூக்கியதில்லை. கோணி கிடந்தது, அதனால் நடந்தது.

அந்த வருஷம் வரிசையில் கிடந்த படுத்த கோணி என் ஜோடியுடையது. ஒருவர் தலைக்கு ஒருவர் மூட்டையைத் தூக்கிவிட்டு வேலை செய்கிறவர்களை ஜோடி என்போம். எங்கள் இரண்டு பேருக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை அக்கா என்பேன். மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். ஒருநாள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையோடு லாரிக்குப் பலகையில் ஏறும்போது பலகை நழுவியது. மூட்டை அவர் தொடைமேல் விழுந்தது. கட்டுப் போட்டு வீட்டில் படுத்துவிட்டார். நான்கு மாதம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. அவர் கோணி என் கோணிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் முறையை நான்தான் தூக்கினேன்.

அந்த நான்கு மாதத்தில்தான் எங்கள் கட்டடமும் எழுந்தது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை கிடைத்தது. ஆளுக்கு மாதம் இரண்டு நாள் என்று முறை வைத்து நாங்களே கல்லும் மணலும் சுமந்தோம். கொத்தனார் ஒருவர், மீதி எல்லாம் நாங்கள். சங்கச் செயலாளரும் முன்பு மூட்டை தூக்கியவர்தான், கழுத்து எலும்பு தேய்ந்த பிறகு செயலாளர் ஆனார். அவருக்கு அந்தக் கட்டடத்தின்மேல் இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. வாசல் அகலம் இவ்வளவு வேண்டும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

கொத்தனார் சிரித்தார். "இன்னாங்க, மீட்டிங்குக்கு மூட்டையோடவா வரப் போறீங்க?"

"வந்தா இன்னா? எங்க வூடு. நீ கட்டுயா" என்றார் செயலாளர்.

ஒரு பெரிய கூடம், ஒரு சின்ன அறை, இரண்டு டியூப் லைட்டு, ஒரு ஃபேன். கூடத்துக்குச் சிவப்பு சிமெண்டுத் தரை போட்டோம். அந்த ஊரில் எங்களில் ஒருவன் வீட்டிலும் அப்படித் தரை கிடையாது. தரை போட்ட மறுநாள் கொத்தனார், "ஏழு நாளைக்கு ஈரம் காயக் கூடாது. கோணிய நனைச்சிப் பரப்புங்க. வெடிச்சா என்னக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மண்டிகளில் பழைய கோணி கேட்டு வாங்கினோம். அப்படியும் ஒரு மூலைக்குப் போதவில்லை. அவனவன் கோணி அவனவன் தலைக்கு வேண்டும். சும்மா கிடந்தது ஒன்றுதான், மச்சானுடையது. அதை நான் எடுத்துக்கொண்டு போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன். எல்லோரும் கல் சுமந்தார்களே, இவரால் முடியவில்லையே, இவர் கோணியாவது கட்டடத்துக்கு வேலை செய்யட்டும் என்று நினைத்தேன். அதை நனைத்து விரித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வாரம் மண்டியில் வேலை கம்மி. முறை அவ்வளவாக நகரவில்லை.

ஏழு நாள் கழித்து அந்தக் கோணி கல்போலக் கெட்டிப்பட்டு, சிமெண்டு ஏறி, நாற்றம் வந்து, மற்றக் கோணிகளோடு குழியில் போய்விட்டது.

குடிபோவதற்கு இரண்டு நாள் முன்னால் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தரையில அழுக்குக் கோணியப் போடறதா? வேணாம்பா. ஆபீஸ் மாதிரி பண்ணிடலாம். போர்டுல வரிசையா பேர எழுது. முறை எங்க நிக்குதோ அங்க சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கலாம். எட்டாவது படிச்சவன் நீதான். நீயே எழுது."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பழைய கொட்டகைக்குப் போனேன். தரையில் கோணிகள் எந்த வரிசையில் கிடந்தனவோ அந்த வரிசையில் பேர் எழுதினேன். பச்சை நூல் தைத்தது இவனுடையது, ஒரு மூலை கிழிந்தது அவனுடையது என்று கோணியைப் பார்த்தே எனக்கு ஆள் தெரியும். சுற்றி நின்றவர்கள் என்னைச் சும்மா விடவில்லை.

"என் பேருல கொம்பு வுட்டுடாதடா."

"அவனுக்குக் கொம்பு ஜாஸ்தியாவே போடு, பொருந்தும்."

இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதினேன். என் கோணி வந்தது, என் பேரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் என்ன கிடந்ததோ அதை எழுதினேன். கண் தரையைத்தான் பார்த்தது. மனசு எழுத்தின் அழகில் இருந்தது. மச்சான் கோணி அங்கே இல்லை, அதனால் மச்சான் பேரும் நோட்டில் இல்லை. நான்கு மாதம் அவருக்காகத் தூக்கியவன் நான். எப்படி மறந்தாய் என்று கேட்டால் இதைத் தவிர வேறு பதில் என்னிடம் கிடையாது.

நோட்டைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினேன். அதையும் சாக்பீஸால் எழுதியிருந்தால் பரவாயில்லை. அழியக் கூடாது என்று வெள்ளை எனாமல் பெயிண்ட் வாங்கி, பிரஷ்ஷால், மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு விரல்கூட இடம் விடாமல் எழுதினேன். செயலாளர் ஒருமுறை உரக்கப் படித்தார். அவனவன் தன் பேருக்கு மட்டும் காது கொடுத்தான். வந்துவிட்டதா, சரி.

திறப்பு விழா நன்றாக நடந்தது. வெளியூரிலிருந்து தலைவர் வந்து கொடி ஏற்றினார். பால் காய்ச்சலாமா கூடாதா என்று ஒரு சண்டை வந்தது. சண்டை முடிவதற்குள் பெண்கள் பின்பக்கம் மூன்று கல்லை வைத்துக் காய்ச்சி முடித்துவிட்டார்கள். போர்டைப் பார்த்துத் தலைவர் என் முதுகில் தட்டினார், நோட்டில் இருந்த பட்டியலின் அடியில் கையெழுத்தும் போட்டார். மறுநாளே நான் ஊரில் இல்லை. மூத்தவளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட உங்கள் அம்மாவோடு கிளம்பிவிட்டேன். உறவுக்காரர் வீடு, அங்கே இங்கே என்று திரும்பி வரப் பத்து நாள் ஆகிவிட்டது.

வந்த அன்று காலையிலேயே மச்சான் மனைவி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அவரு கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

"சொல்லுக்கா."

"அவரு பேர எடுக்கும்போது நீயும் இருந்தியா?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் பேருக்கா?"

"போர்டுல எல்லாரு பேரும் இருக்குதாம். எங்க வூட்டுக்காரரு பேரு மட்டும் இல்லியாம். மல்லாட்ட வாங்க வந்தவரு சொல்லிட்டுப் போனாரு. பத்து நாளா சங்கத்துலருந்து ஒரு ஆளு வூட்டுப் பக்கம் வரல. எடுத்துட்டாங்கடி, கால் போனவன எத்தினி நாளு வச்சிக்குவாங்கன்னு சொல்லிட்டு சொவரப் பாத்துப் படுத்துக்கினாரு. கட்டுப் பிரிக்க வாங்கன்னா வர மாட்டேங்கறாரு. இனிமே கால் இருந்தா இன்னா, இல்லன்னா இன்னாங்கறாரு."

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக்கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்தேன்.

போர்டில் இருந்தது என் எழுத்துதான். மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "போட்டுடலாம்பா. ஆனா தலைவர் கையெழுத்துப் போட்ட பட்டியல். நாம ரெண்டு பேரா மாத்தக் கூடாது. அமாவாசைக்கு மண்டி லீவு. அன்னிக்கு எல்லாரையும் வச்சிக் கேட்டுடலாம்" என்றார்.

அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அடி அண்ணாமலைப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போய் என்ன சொல்வது? எடுக்கவில்லை மச்சான், மறந்துவிட்டேன் என்றா? எடுத்ததைவிட அது மோசம் என்று தோன்றியது.

புதுக் கட்டடத்தில் நடந்த முதல் கூட்டம் அதுதான். சிவப்புத் தரையில் உட்காரவே சிலருக்குக் கூச்சம், துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். கோணியை எடுத்தது நான், அதைத் தரைக்குப் போட்டது நான், கோணியைப் பார்த்துப் பேர் எழுதியதும் நான்.

"எட்டாவது படிச்சியா, எட்டு வருஷம் ஒரே கிளாஸ்ல படிச்சியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சரி, இதோடு முடிந்தது, பேரை எழுதிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

அப்போது ஒருவன் எழுந்தான். எங்களில் வேகமாகத் தூக்குகிறவன், வயசு கம்மி, வீட்டில் நான்கு தங்கைகள். கெட்டவன் இல்லை என்று இங்கேயே எழுதிவைக்கிறேன்.

"ஒண்ணு கேக்கறேன், யாரும் கோவிச்சிக்காதீங்க. கோணி கெடந்தப்ப எனக்குக் கேக்கத் தோணல. இப்ப புதுசா எழுதப் போறோம். எழுதறதுன்னா கேக்கணும் இல்ல? எத்தினி மாசத்துக்கு?"

அவன் உட்காராமல் மேலும் சொன்னான்.

"அவரு காலு இனிமே தேறாதுன்னு எல்லாருக்கும் தெரியும். சொல்ல மாட்டேங்கறீங்க."

"நாளைக்கு உனக்கு ஆனா?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு ஆனா நானே வேணாம்னு சொல்லிடுவேன்."

"சொல்லுவ, சொல்லுவ. உன் தங்கச்சிங்க நாலு பேரும் சொல்லணுமே."

இதற்குச் சிலர்தான் சிரித்தார்கள். சிலர் போர்டைப் பார்த்தார்கள். அவன் கேட்டது தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. தரையில் கிடக்கிற கோணியை எடுக்க ஒரு கை வேண்டும். ஒருவன் முறையைப் பறிக்க அந்தக் கை எங்களில் யாருக்கும் நீண்டதில்லை. போர்டில் இல்லாத பேரை அப்படியே விடுவதற்கு எதுவுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் எல்லோருக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டிருந்தேன்.

கடைசியில் செயலாளர் பேசினார். அவருக்குப் பேச்சு வராது, நின்று நின்றுதான் பேசுவார்.

"இத்தினி வருஷமா ஒருத்தன் முறைய நிறுத்தணும்னு இன்னொருத்தன் அவன் கோணிய எடுத்தது இல்ல. வேல வேணாம்னு போறவன் அவனே எடுத்துக்கினு போவான். போர்டு நான் சொல்லி வந்தது. அழுக்கா இருக்குதேன்னு சொன்னேன். அது என் தப்பு. ஆனா போர்டுக்கும் அதே முறைதான். அவரா வந்து எடுங்கன்னு சொல்றவரைக்கும் அவரு பேரு இருக்கும். மாசக் கணக்கு கெடையாது. யாருக்காவது வேணாம்னா கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. கேட்டவனும் தூக்கவில்லை. "எழுதிக்குங்க. ஆனா அவரு முறைக்கு என்னக் கூப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னான்.

"நான் தூக்கறேன்" என்றேன்.

போர்டில் இடம் இல்லை. அடிச் சட்டத்தின்மேல் எழுதலாம் என்றார்கள். அடியில் எழுதினால் நேற்று வந்து சேர்ந்தவன் மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி வந்து என் பேரை ஊறவைத்துச் சுரண்டித் துடைத்தேன். அந்த ஒரே வரியில் முதலில் அவர் பேரையும் பிறகு என் பேரையும் பொடி எழுத்தில் எழுதினேன்.

பெயிண்ட் காய்வதற்குள் சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போனேன். மச்சான் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கோணியைக் கெடுத்ததையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டார்.

"இனிஷியல் போட்டியா?"

"போட்டேன் மச்சான்."

"சரியாத்தான் போட்டியா? இல்ல, அதுவும் எவன் இனிஷியலையாவது பாத்துப் போட்டுட்டியா?"

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மச்சான் அப்புறம்தான் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மறுவாரம் கட்டுப் பிரிக்க வண்டி வைத்து நாங்கள் மூன்று பேரும் போனோம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவர் முறை, என் முறை இரண்டையும் தூக்கினேன். உங்கள் அம்மா, "உனக்கு இன்னா ரெண்டு கழுத்தா இருக்குது?" என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மச்சான் முறை வந்து பலகையில் கால் வைக்கும்போது யாரோ என்னைத் தள்ளிவிட்டு ஏறினார்கள். பார்த்தால், கூட்டத்தில் கேள்வி கேட்டவன். "பேசாத, போய் ஒக்காரு. ஒருநாளுதான்" என்றான். அப்புறம் பல நாள் அப்படி ஏறினான். ஒவ்வொரு தடவையும் ஒருநாளுதான் என்றே சொன்னான்.

எண்பதுகள் பிறந்த புதிதில் ஒரு காலை மச்சான் தடி ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதுதான் அவர் கட்டடத்தை முதன்முதலாகப் பார்த்தது. தரையைத் தடியால் தட்டிப் பார்த்தார். "வழுக்குதுடா. என் கோணிய நல்லாத்தான் போட்டுக் கெடுத்திருக்க" என்றார். அப்புறம் போர்டைப் பார்த்தார். மண்டிக்குப் போகலாம் என்றார்.

அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்று தூக்கிவிடு என்றார். வேண்டாம் மச்சான் என்றேன். தூக்கிவிடு என்றார் மறுபடியும். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். தூக்கிவிட்டேன். பலகையில் இரண்டு அடி ஏறினார். கால் நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. நிதானமாகப் பின்பக்கமாகவே இறங்கி, மூட்டையைத் தானே சரித்து இறக்கினார். யாரும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் அவர் மன்னிக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கூடத்துக்குத் திரும்பி வந்ததும், "கிருஷ்ணாயில் இருக்குதா?" என்று செயலாளரிடம் கேட்டார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல மச்சான்" என்றேன்.

"அவசரம் இல்ல. அதான் இன்னிக்கிச் சொல்றேன். எடுத்துட்டாங்கன்னு படுத்துக் கெடந்தப்ப சொல்லியிருந்தா அது வேற. வூட்டு வாசல்ல தட்டிப் பந்தல் போட்டுட்டேன். பௌர்ணமிக்கு மலை சுத்தறவங்க கொஞ்சம் பேரு வராங்க. உங்க அக்கா மோர் கலக்கறா. நான் ஒக்காந்து ஊத்திக் குடுக்கறேன். ஒக்காந்து செய்யற வேலடா. நீயும் ஒருநாளு வந்து பாரு."

துணியை அவரே மண்ணெண்ணெயில் நனைத்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டூல்மேல் ஏற முடியாமல், நின்ற இடத்திலிருந்தே கையை எட்டித் தன் பேரை அழுத்தித் தேய்த்துத் துடைத்தார். என் பேரில் ஒரு சொட்டு படாமல் துடைத்தார். செயலாளர் அந்த நேரம் வேலை எதுவும் இல்லாமலே சின்ன அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மல்லாட்டை லாரி வந்தது. போர்டைப் பார்த்து என் பேரைக் கூப்பிட்டார்கள். என் முறையைத் தூக்கி முடித்துவிட்டு, பழக்கத்தில் அடுத்ததற்கும் வரிசையிலேயே நின்றேன்.

"உன் முறை ஆயிடுச்சுப்பா, நவுரு" என்றார்கள். நகர்ந்து கொடுத்தேன். அப்படி நகர்ந்து பழக எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.